டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு முதல் 3 வருடம்: முதலில் உடம்பு, அடுத்து வீடு, அப்புறம் தெரபி

குழந்தை பிறந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. டாக்டர் வந்து "டவுன் சிண்ட்ரோம் மாதிரி இருக்கு, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அன்று ராத்திரி முழுக்கப் போனில் தேடித் தேடிக் கண் வீங்கியிருக்கும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. எங்கள் மகளுக்கு இப்போது 8 வயது. அந்த முதல் மூன்று வருடத்தில் நாங்கள் செய்ததையும், தாமதமாகத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு எங்கே கை வைப்பது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிரகணத்தன்று வெளியே வந்தது, பப்பாளி சாப்பிட்டது, மாடிப்படி ஏறியது, எதுவும் இதற்குக் காரணம் இல்லை. நம் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கும், இந்தக் குழந்தைக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்து 47 ஆகியிருக்கிறது. நூற்றில் சுமார் 95 குழந்தைகளுக்கு இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நடப்பது. அம்மாவின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் இளம் அம்மாக்களுக்கும் நிறையப் பேருக்குப் பிறக்கிறது. கார்யோடைப் என்கிற அந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் தவறாமல் எடுத்துவிடுங்கள். சில குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அப்படி இருந்தால் பெற்றோருக்கும் பரிசோதனை தேவை, அடுத்த பிரசவத்துக்கு அது முக்கியம்.

அப்புறம், குழந்தைக்குப் பேர் வையுங்கள், தொட்டில் போடுங்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம், இன்றைக்கும் அந்த மூன்று மாதத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தெரபிக்கு ஓடும் முன்னால் உடம்பைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது "எந்த சென்டர் நல்லா இருக்கும்?" என்றுதான். ஆனால் முதலில் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அதனால் "சத்தம் எதுவும் கேட்கலை" என்று டாக்டர் சொன்னாலும் எக்கோ எடுத்தே ஆக வேண்டும். பெரிய ஓட்டை என்றால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுவார்கள், தள்ளிப்போட்டால் நுரையீரலில் அழுத்தம் ஏறிவிடும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் பிறவி இதய அறுவை சிகிச்சைகள் வருகின்றன, காசுக்காகக் காத்திருக்காமல் விசாரியுங்கள்.

தைராய்டு பிறந்தவுடன் ஒருமுறை, 6 மாதத்தில் ஒருமுறை, ஒரு வயதில் ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம். பிறந்த சில நாள்களுக்குள் முழு ரத்த எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும், ஏனென்றால் பிறவிக் கண்புரை இருந்தால் சீக்கிரம் எடுத்தால்தான் பார்வை வளரும். பால் குடித்ததும் பச்சையாக வாந்தி எடுத்தால், பிறந்ததிலிருந்து மலம் சரியாகப் போகாமல் வயிறு உப்பியிருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தடுப்பூசிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவது அத்தனையும் நேரத்துக்குப் போட வேண்டும்.

காது பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். எங்கள் மகள் இரண்டு வயதில் மூன்று சொற்களோடு நின்றுவிட்டாள். நாங்கள் போய்க்கொண்டிருந்த இடத்தில் கேட்டபோது "இவங்களுக்கு அப்படித்தான், லேட்டாத்தான் பேசுவாங்க" என்றார்கள். நாங்களும் நம்பினோம், ஏழெட்டு மாதம் போனது. பிறகு வேறொரு காது மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருக்கிறது என்றார். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்பது மாதிரிதான் அவளுக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்கிறது. பிறந்தபோது எடுத்த காது டெஸ்டில் பாஸ் ஆனவள் அவள். இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துளையும் உள்ளே போகும் குழாயும் குறுகலாக இருப்பதால் இந்த நீர் அடிக்கடி கட்டும். அதனால் சின்ன வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைப் பரிசோதியுங்கள், அழுகிற குழந்தையின் காதை எட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவது பரிசோதனை இல்லை, கேட்கும் திறனை அளக்கும் டெஸ்ட் வேண்டும்.

"இவங்களுக்கு அப்படித்தான்" என்கிற வாக்கியத்தை யார் சொன்னாலும், அது டாக்டராகவே இருந்தாலும், உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். மந்தமாக இருக்கிறாள், இவங்களுக்கு அப்படித்தான்: தைராய்டாக இருக்கலாம். ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது, தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், இவங்களுக்கு அப்படித்தான்: தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம், அது பகலில் படிப்பையும் குணத்தையும் கெடுக்கும். தூங்கி எழுந்ததும் அடுக்கடுக்காகத் தலை கவிழ்ந்து கைகள் திடுக்கென்று விரிகின்றன, அதோடு முகம் பார்த்துச் சிரிப்பதும் குறைந்துவிட்டது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், போனில் வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

பால் குடிப்பதே முதல் பயிற்சி

தசைகள் தளர்வாக இருப்பதால் வாயை இறுக்கிப் பிடித்து உறிஞ்ச இந்தக் குழந்தைகளுக்குச் சிரமம். சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடும், பசித்தாலும் அழாது. அதனால் அழட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே எழுப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் குழந்தையின் இரண்டு கன்னத்தையும் மெதுவாகத் தாங்கி, மற்ற விரல்கள் மார்பைத் தாங்குகிற மாதிரி பிடித்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். முடியாத நாள்களில் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள், தலை உயர்ந்திருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக.

ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவு. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்து மூன்று வயது வரைக்கும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து ஊட்டுகிறோம். மெல்லாத வாய் பேசவும் கஷ்டப்படும். கூழ், அடுத்துக் கையால் மசித்த பருப்பு சாதம், அடுத்து உதிர்த்த இட்லி, அடுத்து விரலால் நசுக்கினால் நசுங்குகிற வேகவைத்த கேரட், பூசணி என்று ஒரு படி ஒரு படியாக ஏற்றுங்கள், தெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டே. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஊட்டுங்கள். ஸ்பூனை மேல் ஈறில் தேய்த்து எடுக்காமல், நாக்கின் நடுவில் லேசாக அழுத்திவிட்டு, உதடு மூடி அவளே எடுத்துக்கொள்ளும் வரை பொறுங்கள். அந்த உதடு மூடுவதுதான் பின்னால் 'ப', 'ம' ஆகிறது. பாட்டிலை ஒரு வயதையொட்டி நிறுத்திவிட்டுச் சின்ன டம்ளருக்கும், வெட்டிக் குட்டையாக்கின ஸ்ட்ராவுக்கும் மாறுங்கள். எங்கள் வீட்டில் இளநீர்தான் ஸ்ட்ரா பழக்கியது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கை, கால், முதுகு

பிசியோதெரபி செய்தால் சீக்கிரம் நடந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் போகிறோம். எங்கள் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே அதைத் திருத்தினார்: குழந்தை எப்படியும் நடக்கும், தவறாக நடக்கப் பழகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தசையும் மூட்டுகளும் தளர்வாக இருப்பதால் இந்தக் குழந்தைகள் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடும். காலைத் தவளை மாதிரி விரித்தே படுத்திருக்கும். குப்புறப் படுத்த நிலையிலிருந்து இரண்டு காலையும் நேர்க்கோடாகப் பரப்பி எழுந்து உட்கார்ந்துவிடும், பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள். நிற்கும்போது முழங்கால் பின்பக்கம் பூட்டிக்கொள்ளும், பாதம் வெளிப்பக்கம் திரும்பும். இப்படியே பழகினால் பெரியவளான பிறகு முழங்கால் வலி, பாத வலி.

வீட்டில் செய்வது எளிது. பகலில் விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள், உங்கள் கண் முன்னால், முதலில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்று, ஒரு நாளைக்குப் பல தடவை. தரையில் அழுதால் அப்பாவின் நெஞ்சில் போடலாம். பாட்டி நீட்டிய காலில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவாரே, அதுவே நல்ல பயிற்சிதான், ஆனால் கையைக் காலைப் பிடித்து இழுத்து முறுக்குவது, கழுத்தை நீவி இழுப்பது கூடாது, மூட்டு தளர்வு. காதில் மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். மல்லாந்து படுத்திருக்கும்போது ஒரு துண்டைச் சுருட்டி இரண்டு தொடையின் வெளிப்பக்கமும் வைத்தால் கால்கள் சேர்ந்திருக்கும், விழித்திருக்கும்போது மட்டும் வையுங்கள். நாள் முழுக்கத் தூளியில் போட்டு ஆட்டினால் குழந்தை சமத்தாக இருக்கும், கழுத்தும் முதுகும் வேலை செய்யாது.

உட்காரப் பழக்கும்போது முதலில் விலாவில் தாங்குங்கள், பிறகு இடுப்பில், பிறகு தொடையில். முன்னால் ஒரு மணையைப் போட்டுக் கையை ஊன்ற வையுங்கள். காலைப் பரப்பி எழ முயன்றால் கால்களை மெதுவாகச் சேர்த்துவிட்டுப் பக்கவாட்டில் கை ஊன்றி எழக் காட்டுங்கள், நூறு தடவை காட்ட வேண்டியிருக்கும். அதே மணையில் உட்கார வைத்து எழுந்து நிற்கச் செய்வது, பிறகு உயரத்தைக் குறைத்துக்கொண்டே போவது, இதுதான் தொடைக்கு நல்ல பயிற்சி. கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அக்குளில் பிடித்துத் தூக்குங்கள். சக்கரம் வைத்த உட்காரும் வாக்கர் வாங்காதீர்கள். யாராவது பரிசாகக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பிடித்துக்கொண்டு நிற்க வந்த பிறகு நம் பழைய மரநடைவண்டி நல்லது, அது தானாக ஓடாமல் இருக்க ஒரு கல்லைக் கட்டிக்கொள்ளலாம்.

இவர்களில் பலர் இரண்டு வயதையொட்டி நடக்கிறார்கள், சிலர் ஒன்றரையில், சிலர் மூன்று வயதும் தாண்டி. எங்கள் மகள் 2 வயது 5 மாதத்தில் நடந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்து உங்கள் குழந்தையோடு ஒப்பிடுங்கள். கழுத்தில் முதல் இரண்டு எலும்புகளின் மூட்டும் தளர்வாக இருக்கலாம் என்பதால் குட்டிக்கரணம், டிராம்போலின் வேண்டாம். நடந்துகொண்டிருந்த குழந்தை தடுமாறத் தொடங்கினால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், சொல்லிவிட்டுச் சிறுநீர் போகப் பழகியிருந்தவள் மறுபடி துணியிலேயே போகத் தொடங்கினால், உடனே டாக்டரிடம் போங்கள். எந்த ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும் இந்தக் கழுத்து விஷயத்தை நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

பேச்சு

நாம் சொல்வது இவர்களுக்குப் புரிவது அதிகம், திருப்பிச் சொல்ல வருவது குறைவு. அந்த இடைவெளியில்தான் பிடிவாதமும் கத்தலும் வருகின்றன. அதை நிரப்புவது சைகை. வா, போதும், இன்னும், தண்ணி, சோறு, தூக்கு என்று ஆறேழு சைகைகளை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்யுங்கள், செய்யும்போது வாயாலும் சொல்லுங்கள். சைகை காட்டினால் பேச மாட்டாள் என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டில் நடந்தது நேர் எதிர், சொல் வந்ததும் சைகை ஒவ்வொன்றாகத் தானே உதிர்ந்தது.

ஒன்றைக் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நாம் மூன்றாவது நொடியில் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம், அந்தக் குழந்தை ஏழாவது நொடியில் சொல்லவிருந்தது. எனக்கு இதைப் பழக ஒரு வருடம் ஆனது.

தமிழில் பேசுங்கள். "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்" என்று எங்களுக்குச் சொன்னவர்கள் உண்டு, சில மாதம் நாங்களும் முயன்று பார்த்து வீடே ஊமையானது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு பின்தங்குவதாகத் தெரியவில்லை. தாத்தா பாட்டியோடு, தெருவோடு, காய்கறிக்காரரோடு எந்த மொழியில் பேசப் போகிறாளோ அந்த மொழியில் பேசுங்கள்.

இன்னொன்று, கண்ணால் பார்த்துக் கற்பது இவர்களுக்கு வலிமையான வழி. அதனால் வாசிப்பைப் பேச்சு வந்த பிறகு என்று ஒத்திப்போடத் தேவையில்லை. இங்கிலாந்தில் லெஸ்லி டஃபன் என்கிற அப்பா தன் மகள் சாராவுக்கு மூன்று வயதிலேயே சொல் அட்டைகள் காட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் 1980-ஐ ஒட்டிப் போர்ட்ஸ்மவுத்தில் உளவியலாளர் சூ பக்லி இதில் ஆய்வைத் தொடங்கினார். நாங்கள் இரண்டரை வயதில் தொடங்கினோம். அ, ஆ என்று எழுத்தில் தொடங்கவில்லை. அம்மா, அப்பா, பால், பந்து, அவள் பெயர் என்று முழுச்சொல்லாகப் பெரிய எழுத்தில் அட்டை, பக்கத்தில் போட்டோ. முதலில் ஒன்றுக்கொன்று சேர்த்து வைப்பாள், பிறகு கேட்டதை எடுத்துக் கொடுப்பாள், கடைசியில்தான் சொல்வாள். 'பந்து' என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அட்டையைப் பார்த்துத்தான், பந்தைப் பார்த்து இல்லை.

எங்கே போவது, என்ன கேட்பது

ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது தலைமை மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது இது, பிசியோ, பேச்சு, காது, கண் எல்லாம் இலவசம். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்றே பல வருடங்களாக நடக்கிறது. தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே ஆள் அனுப்பி வீட்டில் வைத்துப் பயிற்சி தருகிறது. பெற்றோர் ஆதரவுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பு, அதைத் தொடங்கிய சுரேகா ராமச்சந்திரன் தானே டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளின் அம்மா.

எங்கே போனாலும் ஒன்றைப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு 45 நிமிடம் உள்ளே செய்துவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்களா, இல்லை உங்கள் கையைப் பிடித்துக் குழந்தையின் மேல் வைத்து "இப்படிச் செய்ங்க" என்று காட்டுகிறார்களா? இரண்டாவது இடம் தூரமாக இருந்தாலும், மாதம் ஒருமுறைதான் போக முடியும் என்றாலும் அதுதான் நல்லது. வாரத்துக்கு இரண்டு மணி நேரத் தெரபியைவிட, குளிக்க வைக்கும்போதும் ஊட்டும்போதும் துணி மாற்றும்போதும் நீங்கள் செய்வது பல மடங்கு. அவர் காட்டுவதைப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்து காட்டித் திருத்தம் கேளுங்கள்.

மூளை டானிக், ஸ்டெம் செல், ஆளை மாற்றும் வைட்டமின் என்று யாராவது கடன் வாங்க வைக்கும் தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வைட்டமினையும், மூளைக்கு நல்லது என்று கொடுக்கும் பிராசிட்டம் மருந்தையும் இந்தக் குழந்தைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், வளர்ச்சியில் பலன் இல்லை.

காகித வேலையையும் சீக்கிரம் முடியுங்கள், அரசு உதவிகள் பெரும்பாலும் அதைக் கேட்டுத்தான் வரும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும்.

மூன்று வயதானதும், நடை தள்ளாடினாலும் பேச்சு தெளியாவிட்டாலும், பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். மற்ற குழந்தைகளைப் பார்த்து அவள் கற்றுக்கொள்கிற வேகம் எந்தத் தெரபி அறையிலும் வராது. நாங்கள் முதல் நாள் டீச்சருக்கு ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுத்தோம்: அவள் காட்டும் சைகைகள் எவை, எந்தக் காதில் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை பொறுக்க வேண்டும். அந்தத் தாளை டீச்சர் சுவரில் ஒட்டி வைத்தார். ஒரு வாரத்தில் அங்கிருந்த மற்ற குழந்தைகளும் தண்ணீர் கேட்க அவளுடைய சைகையைக் காட்டத் தொடங்கியிருந்தன.